காரணம் என்னும் கட்டம்

1

சேர்க்கை மேசையில் இருந்த பெண் கீபோர்டிலிருந்து நிமிராமலே கேட்டார்: "பேஷண்டுக்குப் போதைப் பழக்கம் எதுனா இருக்காம்மா?"

அத்தையின் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா இப்படிக் கேக்குற? எங்க வூட்ல அந்த மாதிரி எல்லாம் கெடையாது. அவரு உண்டு, அவரு தறி உண்டு."

'இல்லை' என்று தட்டிவிட்டு அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போனார்.

அத்தை பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மடியிலிருந்த மஞ்சப் பையில், ரிப்போர்ட்டுகளுக்கும் மாத்திரை அட்டைகளுக்கும் நடுவே, ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதன் லேபிளில் 'விஜயா' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. ஆயுர்வேதத்தில் கஞ்சாவுக்கு அதுதான் பெயர். ஆன்லைனில் அதை வரவழைத்து மாமாவுக்குக் கொடுத்தவன் நான். அத்தைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

மாமா ஆரணியில் பட்டு நெய்கிறவர். குழித்தறி. முப்பத்தைந்து வருஷமாகக் குழிக்குள் காலை இறக்கி, மிதி மாற்றி மாற்றி மிதித்து, பாவின் மேல் குனிந்தே இருந்த முதுகு. ஒரு முகூர்த்தச் சேலையை அறுத்து இறக்கிய அன்றைக்கு அவரால் நேராக நிமிர முடியாது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் செயற்கை வால்வு வைத்தார்கள். அதிலிருந்து வாழ்நாள் முழுக்க வார்ஃபரின். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கிற மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர் வழக்கமான வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, வயிற்றில் ரத்தம் கசியும். பாராசிட்டமால் அவர் வலிக்குப் பத்தவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான். தேடுவது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யின் அமைப்பை 1964இல் இஸ்ரேலில் மெக்கோலமும் கவோனியும் கண்டுபிடித்தது, அதே செடியின் போதை தராத சி.பி.டி., நம் மூளையே சுரக்கும் ஒரு பொருளுக்கு 1992இல் 'ஆனந்தம்' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தது, எல்லாம் தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு தளத்தில் ஃபார்ம் நிரப்பினேன். 'எடுத்துக்கொள்ளும் பிற மருந்துகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பியே ஆக வேண்டும் என்பதற்கான சிவப்பு நட்சத்திரம் அதற்கு இல்லை. தாண்டிவிட்டேன். வீடியோவில் ஒரு மருத்துவர் வந்தார், ஆறு நிமிஷம் பேசினார், சீட்டு வந்தது, நாலு நாளில் குப்பியும் வந்தது.

மாமாவிடம் "மூலிகை எண்ணெய்" என்று சொல்லிக் கொடுத்தேன். கஞ்சா என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் நன்றாகப் போனது. "பரவால்ல மாப்ள, ராத்திரில தூக்கம் வருது," என்றார். நான்காவது வாரம் பல் ஈறில் ரத்தம். தொடையில் கன்றிப்போன பெரிய திட்டு. ஊர் லேபில் ஐ.என்.ஆர். பார்த்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதற்கான எண் அது. மாமாவுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். 6.8 இருந்தது. வண்டி பிடித்துப் பெரிய ஊருக்கு ஓடினோம். அந்த மேசை முன்னால் நின்றது அப்படித்தான்.

குப்பி இரண்டாம் நாள்தான் பையிலிருந்து வெளியே வந்தது. எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், வாயடைத்து நின்ற அந்த நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்காக இந்தக் கட்டுரையில் சில பிரதிகளைப் படிக்கப் போகிறேன். எதுவும் இலக்கியம் கிடையாது. ஒரு பலகை, ஓர் அரசு அறிக்கை, ஒரு சட்டப் பிரிவு, ஒரு பாடநூல் வரி, ஒரு லேபிள். தமிழில் கஞ்சாவைப் பற்றி நமக்குக் கற்பிக்கிறவை இவைதான்.

2

முதலில் பலகை. ஊருக்கு ஊர் நிற்பதுதான். மண்டையோடு, ஊசி, குறுக்கே சிவப்புக் கோடு, 'போதை அழிவின் பாதை'. தமிழ்நாடு காவல்துறை 2022இல் மார்ச் 28 முதல் ஏப்ரல் 27 வரை நடத்திய நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை 2.0'. அதே ஆண்டு ஆகஸ்டில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்று போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். கடத்தல்காரனைப் பிடிக்க வேட்டை தேவைப்படலாம், அது போலீஸ் வேலை. ஆனால் அதே சொல்தான் விழிப்புணர்வின் சொல்லாகவும் ஆகிவிடுகிறது. வேட்டையில் இரண்டு பாத்திரங்கள்தான் உண்டு. உறுதிமொழி எடுக்கிற பிள்ளையால் எதையும் கேட்க முடியாது. "எங்க அண்ணன் அடிக்கிறான், அவனுக்கு என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு அந்த வரிசையில் இடமில்லை.

இன்னொரு பக்கம் சினிமா. 2003இல் வந்த 'பிதாமகன்' கதையில் கஞ்சாத் தோட்டமே ஒரு களம். அதில் அறிமுகமான நடிகர் ஒருவரின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, கேட்டாலே சிரிப்பு வருகிறது. அப்புறம் ரீல்ஸ், சிவன் படம், 'இது செடிதானே ப்ரோ'. நம் இலக்கிய வட்டத்துக்கும் சொந்தமாக ஒன்று உண்டு. பாரதியைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் கஞ்சாப் பேச்சு வருகிறது. அதை மறைக்கப் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், கவிதை வந்ததே அதனால்தான் என்கிறவர்கள் மறுபக்கம். ஒரு மனிதரின் உடம்புக்கு அது என்ன செய்திருக்கும் என்று இருவரும் கேட்பதில்லை.

இப்படி நம்மிடம் இரண்டு மொழிகள் இருக்கின்றன. பயமுறுத்தும் மொழி ஒன்று, சிலாகிக்கும் மொழி ஒன்று. எதிரெதிர் மாதிரித் தெரியும். இரண்டிலும் இல்லாதது ஒன்றேதான்: அளவு. எவ்வளவு, எந்த வடிவில், எத்தனை நாளாக, வேறு எந்த மருந்தோடு, எந்த வயதில்?

2019இல் மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பு வெளிவந்தது. இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குள் சுமார் 3.1 கோடிப் பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் என ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்தியிருந்தார்கள். அதனால் பிரச்சினை வந்து உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 72 லட்சம். அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். பலகை எல்லாரையும் அந்த ஒருவராகப் பார்க்கிறது. ரீல்ஸ் அந்த ஒருவரைப் பார்ப்பதே இல்லை. 72 லட்சம் சின்ன எண்ணும் இல்லை.

3

கஞ்சாவை ஆதரித்து எழுதுகிற எவரும் ஒரு கட்டத்தில் இந்திய ஹெம்ப் மருந்துகள் ஆணையத்தின் அறிக்கைக்கு வந்துவிடுவார்கள். என் இரண்டு ராத்திரி வாசிப்பிலும் அது வந்தது. 1893 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்குக்காரரான வில்லியம் கெய்ன் எழுப்பிய கேள்வியில் தொடங்கியது. மெக்வர்த் யங் தலைமையில் ஏழு பேர். எழுபது கேள்விகள் கொண்ட ஒரு வினாப் பட்டியல். 1193 சாட்சிகள். அறிக்கை 1894இல் முடிந்தது, சாட்சியங்களோடு சேர்த்து ஏழு தொகுதி. மிதமான பயன்பாட்டால் பெரும்பாலும் கேடில்லை, மிகைப் பயன்பாடு கெடுக்கும், முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் வைத்துக் கட்டுப்படுத்துங்கள் என்றது.

எனக்கு அந்த அறிக்கையில் முதலில் கண்ணில் பட்டது நம் ஊர்ப்பக்கம்தான். ஆரணி அப்போது வடஆற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்து ஜவ்வாது மலையைச் சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிராகும் இடங்களில் ஒன்றாக அறிக்கை குறித்திருக்கிறது. ஆரணியில் மாடியேறி நின்றால் மேற்கே தெரிகிற மலை. நமக்கு வெளியிலிருந்து வந்த விஷயம் என்று இதைச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அறிக்கையில் உண்மையிலேயே படிக்க வேண்டிய பகுதி மனநோய் விடுதிகளைப் பற்றியது. கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்பது அன்றைக்கு எல்லாருக்கும் 'தெரிந்த' விஷயம். ஆதாரம் விடுதிகளின் பதிவேடு. 1892ஆம் ஆண்டு விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 1344 பேர். அதில் 222 பேருக்குப் பதிவேட்டில் காரணம் என்று கஞ்சா முதலான சணல்வகைப் போதைகள் எழுதப்பட்டிருந்தன. ஆணையம் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஆளின் கதையையும் பின்னோக்கி விசாரித்தது. முடிவில் சந்தேகத்துக்கிடமாகவாவது நின்றவர்கள் 98 பேர். அவர்களிலும் வேறு காரணம் எதுவும் கலக்காமல் இருந்தவர்கள் 61 பேர்தான்.

மீதிப் பேருக்கு என்ன ஆயிற்று? ஃபார்ம் ஆயிற்று. தெருவில் திரிகிற ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு வரும். அவரோடு ஒரு விவரத்தாள் வரும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட முடியாது. சொந்த பந்தம் யாரென்று தெரியாத ஆள், என்ன காரணத்தை எழுதுவது? கஞ்சா என்று எழுதி அனுப்புவார்கள். விடுதியில் அதை அப்படியே பெரிய பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஆண்டு முடிவில் யாரோ ஒருவர் கூட்டிப் பார்ப்பார். கூட்டல் சரியாகவே இருக்கும்.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற எவருக்கும் இது தெரிந்த வியாதி. ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, 'தெரியாது' என்ற விருப்பத்தைக் கொடுக்காமல் விட்டால், பயனர்கள் பட்டியலில் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து மேனேஜர் அதை வைத்து ஒரு வரைபடம் போட்டு, "பாருங்க, பெரும்பாலானவர்களின் தேர்வு இதுதான்," என்பார்.

இவ்வளவு சொல்லிவிட்டு இந்த அறிக்கையைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. கஞ்சாவிலிருந்து வரி வாங்கிக்கொண்டிருந்த அரசு, கஞ்சாவைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட அறிக்கை இது. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மில்ஸ் 'கன்னாபிஸ் பிரிட்டானிக்கா' (2003) நூலில் இந்தப் பின்னணியை விரிவாகவே எழுதியிருக்கிறார். அன்றைக்கு டி.எச்.சி. என்ற பொருளையே யாருக்கும் தெரியாது, அளந்து பார்க்க வழியில்லை. இன்றைய நிலை வேறு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் நடந்து 2019இல் 'லான்செட் சைக்கியாட்ரி'யில் வந்த ஆய்வு, டி.எச்.சி. 10 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள சரக்கைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட மனச்சிதைவு வகை நோய் வருவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்றது. 1894ஐக் காட்டி 2019ஐ மறுப்பவர்களும் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான்.

அந்த அறிக்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அதன் முடிவை விட அதன் வேலையைத்தான். எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பாமல், எழுதியது யார், எதைக் கேட்டு எழுதினார் என்று திரும்பிப் போனார்கள். அந்த வேலையை அவர்களுக்குப் பின்னால் தொடர்ந்தவர்கள் குறைவு.

4

1985இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. மே மாதம் அமெரிக்காவில், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியைக் கட்டுப்படுத்த, ஆய்வகத்தில் செய்த டி.எச்.சி.யை 'ட்ரோனாபினால்' என்ற பெயரில் மருந்தாக அனுமதித்தார்கள். நவம்பர் 14ஆம் தேதி இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரே வருஷத்தில் ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்துச் சீட்டுக்கும் இன்னோரிடத்தில் முதல் தகவல் அறிக்கைக்கும் போனது.

நம் சட்டத்தின் வரையறையை ஒரு வாசகனாகப் படித்தால் சுவாரசியமாக இருக்கும். கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் அடங்காது. வடக்கே பாங்கு விற்பதும், 'விஜயா' என்ற பெயரில் இலைச்சாறு ஆயுஷ் உரிமத்தோடு கூரியரில் ஆரணிக்கு வருவதும் இந்த இடுக்கு வழியாகத்தான். நான் வாங்கியது சட்டப்படி சரியான பொருள். அதனாலேயே அது பாதுகாப்பான பொருள் என்றும் நினைத்துக்கொண்டேன். சட்டம் செடியின் பாகத்தைப் பார்க்கிறது. கல்லீரல் அதைப் பார்ப்பதில்லை.

சட்டத்தில் அளவும் உண்டு. ஒரு கிலோ வரை சிறிய அளவு, இருபது கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, பத்து வருஷம் தொடங்கி இருபது வருஷம் வரை சிறை. தமிழ்ப் பத்திரிகைகளில் கஞ்சாவோடு சேர்ந்து வரும் எண்கள் இந்தக் கிலோக்களும் வருஷங்களும்தான். உடம்புக்கு வேண்டிய மில்லிகிராமை எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். மண்டையோட்டுப் பலகையில் இதற்கு ஒரு வரி இடம் இருந்தால் எத்தனையோ அம்மாக்கள் அதை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அடுத்து பாடநூல். டாக்டர் நண்பன் ஒருவனிடம் "எம்.பி.பி.எஸ்.ல கஞ்சா பத்தி என்னடா படிச்சீங்க?" என்று கேட்டேன். யோசிக்காமல் "ரன் அமாக்" என்றான். தடய மருத்துவத்தில், நஞ்சுகள் பகுதியில், ஊமத்தையோடு ஒரே தலைப்பில் கஞ்சாவும் வருகிறது. அதைத் தின்றவன் கொலைவெறி பிடித்து ஓடி, எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் வெட்டுவான் என்பதற்கு அந்தப் பெயர். 'அமாக்' மலாய்ச் சொல். காலனிய காலத்து மருத்துவச் சட்ட நூல்களின் வாடை அந்த வரியில் இன்னும் இருக்கிறது. வைவாவில் கேட்டால் மார்க் கிடைக்கும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் ஆகிறது. வாளெடுத்து ஓடுகிறவன் எந்த மருத்துவரின் புறநோயாளிப் பிரிவுக்கும் வரப்போவதில்லை. வருகிறவர் எப்படி இருப்பார்? மாசக்கணக்கில் காரணம் தெரியாமல் வாந்தி எடுத்துக்கொண்டு, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்குகிறது என்று சொல்லும் இருபத்து நாலு வயதுப் பையனாக இருப்பார். நெடுநாள் கஞ்சாப் பழக்கத்தால் வரும் இந்த வாந்தி நோயை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2004இல் விவரித்தார்கள். "சுடுதண்ணில குளிச்சா நல்லா இருக்கா?" என்ற ஒரு கேள்வி பல ஸ்கேன்களையும் எண்டோஸ்கோப்பிகளையும் மிச்சப்படுத்தும்.

அப்புறம் அறுவை மேசை. அமெரிக்காவின் வட்டார மயக்கவியல் சங்கம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவைக்கு முன்னால் எல்லா நோயாளிகளிடமும் கஞ்சாப் பயன்பாட்டைக் கேட்கச் சொல்கிறது: என்ன வடிவம், எவ்வளவு, கடைசியாக எப்போது. தினமும் பயன்படுத்துகிறவருக்கு மயக்க மருந்தும் வலி மருந்தும் கூடுதலாகத் தேவைப்படலாம். 'எல்லா நோயாளிகளிடமும்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாரிடமும் கேட்கிற கேள்வி யாரையும் அவமானப்படுத்தாது. பார்க்க 'அப்படி' இருக்கிறவனிடம் மட்டும் கேட்டால் அது போலீஸ் கேள்வி.

கடைசியாக லேபிள். மாமாவின் குப்பியை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் இ(1) என்று ஓர் அட்டவணை உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுத்தன்மையுள்ள பொருட்களின் பட்டியல். ஆயுர்வேதப் பகுதியில் பாங்கும், சித்தப் பகுதியில் எட்டி, சேராங்கொட்டை, அபினியோடு கஞ்சாவும் இருக்கின்றன. இவை சேர்ந்த உள்மருந்தின் மேல் 'எச்சரிக்கை: மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்று அச்சிட வேண்டும் என்று விதி 161 சொல்கிறது. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு நெசவாளர் தமிழ்நாட்டில் செய்த சித்த மருந்தையே வாங்கினாலும், அதன் எச்சரிக்கையை அவர் மொழியில் அச்சிடச் சொல்லும் கட்டாயம் இந்த விதியில் இல்லை. பத்தாவது படித்த என் அத்தை அந்தக் குப்பியில் தானாகப் படித்தது விலை மட்டும்தான்.

5

சரி, என்ன கற்றுக்கொடுக்க வேண்டும்? பெரிய பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். நான் அந்த இரண்டு ராத்திரிகளில் படித்திருக்க வேண்டியது ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

வாயால் உட்கொண்டால் வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். 'ஒண்ணும் ஆகலியே' என்று இரண்டாவது தடவை எடுக்கிறபோதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கர்ப்பிணிகள், பதின்வயதுப் பிள்ளைகள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது. எடுத்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. 'மூலிகை' என்ற சொல் மற்ற மருந்துகளோடு சண்டை போடாது என்பதற்கு உத்தரவாதமில்லை. வார்ஃபரினைச் சிதைக்கிற கல்லீரல் நொதி ஒன்றைச் சி.பி.டி. மட்டுப்படுத்துகிறது. வார்ஃபரின் ரத்தத்தில் தேங்குகிறது. வலிப்பு மருந்தான க்ளோபசாமின் விளைவையும் அது கூட்டும்.

எதற்குப் பயன் என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் வேண்டும். சில வகைக் கடுமையான குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்குச் சுத்திகரித்த சி.பி.டி.யை அமெரிக்கா 2018இல் அனுமதித்தது, அதன் பின்னால் ஒழுங்கான சோதனைகள் இருக்கின்றன. முதுகுவலி? 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குக் கணிசமான ஆதாரம் இருக்கிறது என்றது. 2021இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், வலிக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. நான் முதலாவதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது இல்லையா.

கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது ஒவ்வொரு பொட்டலத்திலும் டி.எச்.சி. எவ்வளவு, சி.பி.டி. எவ்வளவு என்று போட வைத்தது. அடுத்த ஆண்டு தின்பண்ட வடிவில் விற்க அனுமதித்தபோது ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. என்று வரம்பு கட்டியது. அவர்களைப் போல் நாமும் கடை திறக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கே ஏற்கெனவே கூரியரில் வருகிற பொருளுக்காவது ஓர் அளவு மொழி வேண்டும் என்கிறேன்.

அந்த மொழிக்கு நாம் கனடா வரை போக வேண்டியதும் இல்லை. முருகேச முதலியாரின் 'குணபாடம்' மூலிகை வகுப்பில் கஞ்சாவுக்கும் ஓர் இடம் உண்டு. சித்த மருத்துவத்தில் நஞ்சுள்ள சரக்கைத் தொடுகிறபோது கேட்க வேண்டிய கேள்விகளுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்களே இருக்கின்றன: சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம், முறிவு. எப்படிச் சுத்தம் செய்தது, எவ்வளவு, எதோடு, எதைத் தவிர்த்து, மிஞ்சினால் என்ன மாற்று. பழைய வைத்தியர் ஒவ்வொருவரும் இதை ஒழுங்காகச் செய்தார் என்று நான் நம்பவில்லை. அந்த முறைகள் இன்றைய சோதனைகளுக்கு நிற்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் 'கோரக்கர் மூலி' என்று சிலிர்த்துக்கொள்கிறவர்கள் சித்தர்களிடமிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஐந்து சொற்களை விட்டுவிடுகிறார்கள். 'அனுபானம்' என்ற சொல் என் காதில் விழுந்திருந்தால் வார்ஃபரின் நினைவுக்கு வந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

6

இரண்டாம் நாள் காலையில் வார்டுக்கு ஒரு பயிற்சி மருத்துவர் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். மாமாவின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்து, "ஐயா, இந்த மாத்திரைங்க இல்லாம வேற என்னென்ன சாப்பிடுறீங்க? நாட்டு மருந்து, லேகியம், எண்ணெய், ஆன்லைன்ல வாங்குனது, பக்கத்து வீட்ல குடுத்தது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். திட்டறதுக்குக் கேக்கல. டோஸ் முடிவு பண்ணணும், அதான்," என்றார்.

நேற்றுக் கேட்ட அதே விஷயம். ஆனால் அத்தை தானாகவே மஞ்சப் பையைத் திறந்தார். "தம்பி ஒரு மூலிகை எண்ணெ வாங்கிக் குடுத்தான்மா." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மூலிகைன்னா கஞ்சா இலை டாக்டர்," என்றேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அவர் பதறவில்லை. குப்பியைத் திருப்பிப் பார்த்தார், எத்தனை சொட்டு, எத்தனை வேளை, எப்போதிலிருந்து என்று குறித்துக்கொண்டார். "வேற?" என்றார். அப்போதுதான் அத்தைக்கு நினைவு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பல்வலி என்று மாமா தெருமுனை மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். அட்டை பையின் அடியில் கிடந்தது. மெட்ரோனிடசோல். அதுவும் வார்ஃபரினை ஏற்றிவிடுமாம். மெடிக்கலிலும் வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, 6.8க்கு யார் காரணம்? என் எண்ணெயா, பல்வலி மாத்திரையா, இரண்டும் சேர்ந்தா? அவர் கேஸ் ஷீட்டில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். இரண்டையும் எழுதி, பக்கத்தில் 'இருக்கலாம்' என்று போட்டிருந்தார்.

எனக்குள் இருந்த ஒருவனுக்கு அந்தக் கட்டத்தை நிரப்பிவிட வேண்டும் என்று துடிப்பு. 'மெட்ரோனிடசோல்' என்று எழுதினால் நான் தப்பித்துக்கொள்ளலாம். 'கஞ்சா' என்று எழுதினால் தண்டனை அனுபவித்த திருப்தி கிடைக்கும், பலகைக்காரர்களுக்கும் ஒரு கதை கிடைக்கும். 1892இல் விவரத்தாளை நிரப்பிய அந்தக் குமாஸ்தாவின் மேல் எனக்கிருந்த இளக்காரம் அன்றைக்குப் போய்விட்டது. அந்த இளம் மருத்துவர் 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். எண்ணெயையும் மெட்ரோனிடசோலையும் நிறுத்தினார்கள், வார்ஃபரினை இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள், வைட்டமின் கே கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் எண் 3.1க்கு வந்தது. வீட்டுக்கு வந்தோம்.

மாமா இப்போது திரும்பவும் தறியில். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு நான் எந்தத் தீர்வும் கண்டுபிடிக்கவில்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்த எண்ணெ மறுபடி எடுக்கவே கூடாதா மாப்ள? தூக்கமாச்சும் வந்துச்சு."

"எனக்குத் தெரியல மாமா. அடுத்த தடவ செக்கப் போறப்ப டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க."

"கஞ்சான்னு சொல்லியா கேக்கச் சொல்ற?"

"ஆமா மாமா. கஞ்சான்னே சொல்லிக் கேளுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மிதியை மிதித்தார்.